அங்குலோவா க்ளோவெசியை (Anguloa clowesii) வளர்ப்பு: ஆண்டீஸ் மலையின் வாசனை ஆர்க்கிட்டை முதன்முறை வாங்குபவர்களுக்கு

இந்தச் செடியை வாங்குபவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் முதல் குளிர்காலத்தில். கோடையெல்லாம் அகன்ற இலைகளோடு செழித்து நின்ற செடி திடீரென்று மஞ்சளாகி இலையை உதிர்க்கத் தொடங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். இரண்டே மாதத்தில் வேர் முழுக்க அழுகிவிடும். அந்த இலையுதிர்வு நோயல்ல, ஓய்வு. அப்போது தேவைப்படுவது தண்ணீரைக் குறைப்பது. இது ஒன்று தெரியாததால் மட்டுமே நல்ல செடிகள் நிறைய வீணாகின்றன.

அங்குலோவா க்ளோவெசியை கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில், ஏறக்குறைய 1800 முதல் 2500 மீட்டர் உயரத்தில், ஈரக்காடுகளின் இலைமக்கில் வேரூன்றி வளர்வது. சில சமயம் மரத்தின் அடிப்பகுதியிலும் தொற்றி வளரும். அடியில் முட்டை வடிவில் பருத்த தண்டு இருக்கும். இதைக் குமிழ் என்றே இந்தக் கட்டுரையில் சொல்கிறோம். அதன் தலையிலிருந்து மடிப்பு மடிப்பான மெல்லிய இலைகள் அரை மீட்டருக்கும் மேல் நீளும். பூ எலுமிச்சை மஞ்சள், சுமார் 8 செ.மீ. உயரம், மெழுகு பூசினாற்போல் தடித்த இதழ்கள். முழுக்க விரியாமல் கிண்ணமாகக் குவிந்தே நிற்கும். உள்ளே இருக்கும் உதட்டிதழ் அடியில் இலகுவாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் பூவை லேசாகத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். வாசனையைத் தேடி வரும் ஆண் ஆர்க்கிட் தேனீ அதில் கால் வைத்ததும் உள்ளே சாய்ந்து மகரந்தத்தில் மோதுவதற்கான ஏற்பாடு அது. வாசனை மூட்டுவலித் தைலத்தில் புதினா கலந்தது போல இருக்கும். வெயில் ஏறும் முற்பகலில் அது அறை முழுக்கப் பரவும்.

கீழே வரும் மாதங்கள் எல்லாம் வடகோளத்துக்கானவை. தென்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட வேண்டும்.

1. வாங்கும் முன் இரவு வெப்பநிலையை அளந்து பாருங்கள்

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். செடி வைக்கப்போகும் அதே இடத்தில், செடியின் உயரத்திலேயே வைத்து, ஆண்டின் மிகச் சூடான நான்கு வாரங்கள் தினமும் காலையில் குறித்து வையுங்கள். வானிலை அறிக்கையில் வரும் எண் உங்கள் பால்கனிக்கோ பசுமைக்குடிலுக்கோ பொருந்தாது.

தேவையானது இது: வளரும் பருவத்தில் இரவு 12 முதல் 16 டிகிரி செல்சியஸ், பகல் 20 முதல் 26. ஓய்வுக் காலத்தில் இரவு 10 முதல் 12. பகலில் சில மணி நேரம் 29, 30 வரை ஏறினாலும் நிழலும் காற்றோட்டமும் இருந்தால் செடி சமாளிக்கும். இரவு 20-க்குக் கீழே இறங்காத வாரங்கள் தொடர்ந்து வந்தால் சமாளிக்காது. பகலில் இலை சேர்த்து வைத்த சர்க்கரையை இரவுச் சுவாசம் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு வரவைத் தாண்டிவிடும். செடி உடனே சாகாது. ஒவ்வோர் ஆண்டும் புதுக் குமிழ் முந்தையதைவிடச் சிறுத்துப் போகும், பிறகு பூ நிற்கும், அதன் பிறகு குருத்தே வராது. இவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் வெப்பம்தான் காரணம் என்பது பலருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை.

குளிரூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை (ஈரத்தட்டி, மின்விசிறி, மூடுபனித் தெளிப்பான்) காற்று உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். 35 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், கொள்கையளவில் 22 டிகிரி வரை இறக்கலாம். 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 27-க்குக் கீழே போகாது. ஈரமான வெப்பமண்டலச் சமவெளியில் இருப்பவர்கள் மின்விசிறியிலும் தெளிப்பானிலும் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே குளிர்சாதனம் பொருத்திய, வெப்பக்காப்பு செய்த சிறு அறையோ கண்ணாடிப் பெட்டியோ மட்டும்தான் வழி. குளிர்சாதனம் காற்றை உலர்த்துவதால் ஈரப்பதமூட்டியும் சேர்த்துத் தேவைப்படும். பெட்டியும் சின்னதாக இருக்கக் கூடாது. முழு வளர்ச்சி அடைந்த செடி இலையோடு ஒரு மீட்டர் அகலம் பிடிக்கும்.

செலவு என்றால் எல்லோரும் செடியின் விலையையே பார்க்கிறார்கள். சூடான ஊரில் இரண்டே கோடைகளின் மின்கட்டணம் செடியின் விலையைத் தாண்டிவிடும். அதைத் தாங்க முடியாது என்றால் லைகேஸ்ட் அரோமாட்டிகாவைப் பாருங்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் நெருங்கிய உறவுச் செடி. மஞ்சள் பூ, இலவங்கப்பட்டை வாசனை, வெப்பத்தை இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். இங்கே சொல்லும் பருவ ஒழுங்கு கிட்டத்தட்ட அப்படியே அதற்கும் பொருந்தும். குளிர்ந்த இரவு தர முடியாத இடத்தில் அங்குலோவாவை வைத்து மூன்று ஆண்டு வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

2. எந்த வயதுச் செடி வாங்குவது

மூன்று வடிவங்களில் கிடைக்கும்.

பூக்கும் அளவு வந்த, பிரித்தெடுத்த செடி: விலை அதிகம். ஆனால் தொடங்குபவருக்கு இதுதான் சரி. குறைந்தது மூன்று குமிழ்கள் இருக்க வேண்டும், அவற்றில் மிகப் புதியது மற்றவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. புதியது சிறுத்திருந்தால் அந்தச் செடி ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கிறது. விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். புதுக் குமிழின் அடியில் கண் (அடுத்த குருத்து வரப்போகும் புடைப்பு) பச்சையாக, கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கறுத்து மெத்தென்று இருந்தால் அந்த ஆண்டுக் குருத்து போய்விட்டது என்று பொருள்.

தொட்டி நாற்று: விலை மிதம், பூக்க இரண்டு முதல் நான்கு ஆண்டு.

குடுவை நாற்று: கண்ணாடிக் குடுவைக்குள் கூழ்மத்தில் வளர்ந்தவை. ஒரு செடிக்கு ஆகும் விலை மிகக் குறைவு. ஆனால் குடுவையிலிருந்து எடுத்த முதல் ஆறு மாதத்தில் நிறையச் சாகும். மிஞ்சுபவை பூக்க நான்கு, ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேலும் ஆகும். ஏற்கெனவே வேறு ஆர்க்கிட் நாற்றுகளைத் தேற்றிப் பழகியவர்களுக்கு மட்டும்.

பெயர்ச்சீட்டை நம்பி மட்டும் வாங்காதீர்கள், பூவின் படத்தைக் கேளுங்கள். அங்குலோவா இனங்கள் பூ இல்லாத நிலையில் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். அங்குலோவா யூனிஃப்ளோரா என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, அங்குலோவா விர்ஜினாலிஸ். லைகேஸ்ட்டோடு கலப்பு செய்த அங்குலோகேஸ்ட் செடிகளும் அசல் இனம் என்ற பெயரில் கைமாறுவதுண்டு. அவை நல்ல செடிகள்தான், ஆனால் நீங்கள் தேடும் வாசனை அவற்றில் இல்லாமல் போகலாம்.

வாங்க ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, குருத்து எட்டிப் பார்க்கும் நேரம். முழு இலையோடு கோடையில் அஞ்சலில் வரும் செடிக்கு இலை மடங்கி உடையும், அந்த ஆண்டு வளர்ச்சியே குன்றிவிடும்.

3. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்: ஆவணங்கள்

உள்நாட்டில், உரிமம் பெற்ற பண்ணையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அது போதும். எல்லை தாண்டி வருவதென்றால் கீழே உள்ளவற்றில் ஒன்று குறைந்தாலும் செடி சுங்கத்தில் நின்றுவிடும்.

முதலாவது, சைட்டிஸ் (அருகிவரும் காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை) ஏற்றுமதி அனுமதி. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது. அங்குலோவா அதன் இரண்டாம் பின்னிணைப்பில், அதாவது அனுமதியோடு வணிகம் செய்யக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதியை ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டிஸ் அதிகாரம் வழங்கும், விற்பவர் வாங்கித் தர வேண்டும். அதில் மூலக் குறியீடு "ஏ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கையாகப் பெருக்கப்பட்ட செடி என்பதற்கான குறி அது. "டபிள்யூ" என்றால் காட்டிலிருந்து எடுத்தது, அதை வாங்காதீர்கள். காட்டுச் செடி விலை குறைவாக வரலாம், ஆனால் மலைச்சரிவில் இருந்து பிடுங்கப்படும் ஒவ்வொன்றும் அங்கே திரும்ப முளைக்காத ஒன்று. பிடுங்கியதில் வேர் சிதைந்து பெரும்பாலும் வழியிலேயே வீணாகிவிடும். ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். எனவே பருவம் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சில நாடுகள் இதற்கு மேல் தங்கள் பக்கத்திலும் சைட்டிஸ் இறக்குமதி அனுமதி கேட்கும்.

இரண்டாவது, தாவர நலச் சான்றிதழ். ஏற்றுமதி நாட்டின் தாவரப் பாதுகாப்பு அலுவலகம் செடியை நேரில் பார்த்துத் தருவது. அனுப்புவதற்குச் சற்று முன்புதான் இதை வாங்க முடியும், முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது.

மூன்றாவது, உங்கள் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் துறையிடம் பெற வேண்டிய இறக்குமதி அனுமதி. இதை நீங்கள்தான் வாங்க வேண்டும், அதுவும் செடி அங்கிருந்து புறப்படும் முன்பே. புறப்பட்ட பிறகு விண்ணப்பிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விளைவு திருப்பி அனுப்புதல் அல்லது அழித்தல். மண்ணும் பழைய கலவையும் ஒட்டாமல் வேர் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்பதும் பல நாடுகளின் நிபந்தனை.

மூன்று தாள்களிலும் தாவரவியல் பெயரின் எழுத்துகளும் செடிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் அன்போடு இலவசமாக ஒரு செடி கூடுதலாகப் பெட்டியில் வைத்தால்கூட முழுப் பெட்டியும் சிக்கிக்கொள்ளும். "தாளில் உள்ளதற்கு மேல் எதுவும் வைக்காதீர்கள்" என்று முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

கிருமிநீக்கம் செய்த குடுவைக்குள் இருக்கும் நாற்றுகளுக்கு இரண்டாம் பின்னிணைப்பு இனங்களில் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் அப்போதும் கேட்கப்படலாம், உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

ஆவணக் கட்டணங்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்பதால் ஒரே ஒரு செடிக்காக இறக்குமதி செய்வது கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அனுமதியில் வரவழைப்பதே வழக்கம். விண்ணப்பத்திலிருந்து செடி கைக்கு வர சில மாதங்கள் ஆகும். மார்ச்சில் செடி வேண்டும் என்றால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

4. வந்து சேர்ந்த முதல் ஆறு வாரம்

மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். குமிழைச் சுற்றியுள்ள காய்ந்த உறைகளை மெதுவாக உரித்து எடுங்கள். செதில் பூச்சி ஒளிந்திருப்பது அதற்குள்தான். செத்த வேர் விரலால் அழுத்தினால் தட்டையாகும், உள்ளே நார் மட்டும் இருக்கும். அதை வெட்டிவிட்டு, கெட்டியாக இருப்பதை விட்டுவிடுங்கள்.

சுருங்கிப் போயிருக்கிறதே என்று மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. வேரில்லாத குமிழ் தண்ணீரை உறிஞ்சாது, அழுகத்தான் செய்யும். பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (நீரைப் பிடித்து வைக்கும் சதுப்புநிலப் பாசி) குமிழின் அடியில் மட்டும் தளர்வாகச் சுற்றி, நிழலில், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள இடத்தில் வையுங்கள். புது வேர் ஒரு சென்டிமீட்டர் நீண்டதும் தொட்டிக்கு மாற்றலாம்.

5. தொட்டியும் கலவையும்

வேருக்குத் தண்ணீர் வேண்டும், காற்றும் வேண்டும். தோட்ட மண் கூடவே கூடாது. நடைமுறையில் நன்றாக வரும் கலவை:

6 முதல் 10 மி.மீ. அளவு பைன் மரப்பட்டை 6 பங்கு, பெருமணி பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல்) 2 பங்கு, நறுக்கிய ஸ்பாக்னம் பாசி 1 பங்கு, மரக்கரித்துண்டு 1 பங்கு. பட்டையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். உலர்ந்த பட்டை தண்ணீரை வழியவிட்டுவிடும், செடிக்கு முதல் மாதம் முழுக்கத் தாகம்தான். பட்டைக்குப் பதில் தென்னை மட்டைத்துண்டு போடுபவர்கள் அதை இரண்டு மூன்று தடவை கழுவி உப்பை நீக்க வேண்டும்.

மூன்று குமிழ்ச் செடிக்கு 15 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டி போதும். அகலமான தட்டைத் தொட்டியைவிட ஆழமானது நல்லது, வேர் கீழ்நோக்கிப் போகும். பழைய குமிழைத் தொட்டியின் விளிம்போரம் தள்ளி வைத்து, குருத்து இருக்கும் பக்கத்தில் இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கு இடம் விடுங்கள். குருத்தின் அடி கலவையின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கலாக இருந்தால் புது வேர் கலவையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மாற்றும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: குருத்து 5 செ.மீ. உயர்ந்து, அதன் அடியில் வேர் முனை வெள்ளையாக அரும்பும் அந்த இரண்டு வாரம். அதற்குப் பிறகு என்றால் நீண்ட புது வேர் ஒடியும், கிளைத்து மீளவும் நாளாகும். இலையுதிர் காலத்தில் மாற்றினால் வேர்விட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கலவையின் ஈரம் குமிழைத் தின்றுவிடும்.

6. குருத்தும் மொட்டும்: மார்ச் முதல் ஜூன்

ஓய்வில் இருந்த குமிழின் அடியில் கண் வீங்கும். உடனே பழையபடி தண்ணீர் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். குருத்துக்கு இன்னும் வேர் இல்லை. தொட்டி விளிம்போரம் வாரம் ஒரு முறை கொஞ்சம் நனைத்தால் போதும். குருத்து 7, 8 செ.மீ. ஆகி வேர்விட்ட பிறகுதான் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

பெருங்குருத்து ஒன்றோ இரண்டோ வரும், அதுதான் இலையாகவும் புதுக் குமிழாகவும் மாறப்போவது. அதைச் சுற்றி, கிட்டத்தட்ட அதே நேரத்தில், மெலிந்த தண்டுகள் பல கிளம்பும். அவை பூக்காம்புகள். நல்ல குமிழ் ஒன்றிலிருந்து ஆறுக்கும் மேல் வரலாம். ஒவ்வொரு காம்பிலும் ஒரே பூ.

இந்தக் கட்டத்தின் பேராபத்து குருத்தின் நடுவில் தண்ணீர் தேங்குவது. விரியாத இலைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு புனலாக நிற்கும். அதில் நான்கு சொட்டு தேங்கி இரவெல்லாம் நின்றால் போதும், இரண்டு நாளில் அடி பழுப்பாகி, மெல்ல இழுத்தாலே குருத்து கையோடு வந்துவிடும், துர்நாற்றமும் வரும். இப்படி நடக்காமல் இருக்க மூக்கு நீண்ட பூவாளியால் தொட்டி ஓரமாக, காலையில் மட்டும் ஊற்றுங்கள். சிறு மின்விசிறி ஒன்று பகலும் இரவும் மெதுவாக ஓடட்டும். மழையில் விடாதீர்கள். தவறித் தண்ணீர் இறங்கிவிட்டால் காகிதத்தைத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள்.

அழுகல் தொடங்கிவிட்டால் நெருப்பில் காட்டிய கத்தியால் நல்ல திசு தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவி, இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலவங்கப்பட்டைத் தூளும் பயன்படுத்துவார்கள், ஆனால் வேரில் பட்டால் வேர் உலரும். குமிழின் மறுபக்கத்தில் இன்னொரு கண் இருந்தால் அது தாமதமாக முளைக்கும். அந்த ஆண்டுக் குமிழ் சிறியதாக இருக்கும், பூ அடுத்த ஆண்டு சந்தேகம்தான், ஆனாலும் செடி பிழைத்துவிடும்.

பூ பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. மொட்டு இருக்கும்போது பகல் 28-ஐத் தாண்டிக் காற்றும் உலர்ந்தால் மொட்டு மஞ்சளாகி விழும். பழுக்கும் பழங்களையும் எரிவாயு அடுப்பையும் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுவும் மொட்டை உதிர்க்கும். பூ கிண்ணமாக மேல்நோக்கி நிற்பதால் உள்ளே தண்ணீர் விழுந்தால் புள்ளி விழும். குளிர்ச்சியாக வைத்தால் ஒரு பூ இரண்டு மூன்று வாரம் நிற்கும்.

7. வளரும் காலம்: ஜூன் முதல் செப்டம்பர்

இந்த நான்கு மாதம் செடி பெருந்தீனி கேட்கும். இப்போது கிடைப்பதுதான் குமிழாகச் சேரும், அடுத்த ஆண்டுப் பூவின் எண்ணிக்கை இங்கேதான் முடிவாகிறது.

தண்ணீர்: கலவை ஒருபோதும் முழுக்க உலரக் கூடாது. 15 செ.மீ. தொட்டிக்கு ஒரு தடவைக்கு அரை முதல் முக்கால் லிட்டர், அடியில் ஓடும்வரை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், எடை பாதிக்கு இறங்கியதாகக் கை சொன்னால் அடுத்த தடவை. கோடையில் இது இரண்டு மூன்று நாளாக இருக்கும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

தண்ணீரின் தரத்தில் இந்தச் செடிக்கு விட்டுக்கொடுக்கும் குணமே இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 150 பி.பி.எம்-க்குக் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) கீழே இருக்கட்டும். மழைநீர் சிறந்தது, அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். உப்பு நீர் ஊற்றினால் இலை நுனி கறுத்து, நாளாக ஆக உள்நோக்கி ஏறும். மென்னீராக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீர் வேண்டாம், அதில் சோடியம் இருக்கும்.

உரம்: 20-20-20 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியத்தின் சதவீதம்) போன்ற கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம். அதில் 100 பி.பி.எம். நைட்ரஜன் கிடைக்கும், போதுமானது. மூன்று தடவை உரநீர், நான்காம் தடவை வெறும் நீர் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுபவர்களுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்காது. கால்சியம் குறைந்தால் புது இலையின் நுனி கறுத்துச் சுருங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உரத்துக்குப் பதிலாக, லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் கொடுங்கள்; மாதம் ஒரு முறை மெக்னீசியத்துக்காகச் சிட்டிகை எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பரஸ் உள்ள உரத்தையும் ஒரே அடர்கரைசலாகக் கலக்கக் கூடாது, வெண்படிவாக இறங்கி இரண்டும் வீண்.

ஒளி: 20,000 முதல் 30,000 லக்ஸ் (ஒளிமானி காட்டும் அளவு), அதாவது 70 முதல் 80 சதவீத நிழல்வலையின் கீழ். இலை மெல்லியது, நேர் வெயில் அரை மணி நேரம் பட்டாலே வெளுத்துப் பொசுங்கும். கரும்பச்சையாக, நீண்டு தொங்கினால் ஒளி போதவில்லை. மிதமான பச்சையாக விறைத்து நிற்க வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்.

இந்தக் காலத்தின் எதிரி சிவப்புச் சிலந்திப்பேன். சூடும் வறட்சியும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் பெருகும். இலையின் மேற்புறம் வெள்ளிப் பொடி தூவினாற்போல் மங்கினால், அடிப்புறத்தை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பாருங்கள். புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையடியை ஈரப் பஞ்சால் துடைத்து, தோட்டச் சோப்புக் கரைசலை ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை, மாலையில், குருத்தில் இறங்காமல் அடியுங்கள். ஒரு முறையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்துவிடும். நத்தைகள் வேர் முனையையும் மொட்டையும் தின்னும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நம்பகமான வழி இல்லை.

8. ஓய்வு: அக்டோபர் முதல் பிப்ரவரி

குமிழ் பருத்து முடிந்ததும் இலை மஞ்சளாகும். ஆகஸ்ட் கடைசியிலேயே உரத்தைப் பாதியாக்கி, அக்டோபரில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இடைவெளியையும் படிப்படியாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பச்சை இருக்கும்வரை இலை தன் சத்தைக் குமிழுக்கு இறக்கிக்கொண்டிருக்கும். அழகுக்காக முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும் தானே கழன்றுவிடும்.

இலையற்ற குமிழுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தொட்டி ஓரத்தில், சின்ன டம்ளர் அளவு தண்ணீர். குமிழில் மெல்லிய சுருக்கம் விழுந்தால் பரவாயில்லை. ஆழமான வரிப்பள்ளம் விழுந்தால் இன்னொரு டம்ளர். இரவு 10 முதல் 12 டிகிரி, பகல் 15 முதல் 18, நல்ல வெளிச்சம். இலை இல்லாததால் இப்போது நிழலைக் குறைக்கலாம். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் அழுகல். குளிராக, உலர்வாக இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஓய்வே கொடுக்காமல் சூடாக வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பலவீனமான குருத்து டிசம்பரிலேயே கிளம்பும், வெளிச்சம் போதாமல் வெளிறி நீளும், பூ வராது.

குடுவையிலிருந்து வந்த நாற்றுகளுக்கு இந்த விதி இல்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டு அவற்றை உலரவிடாமல், ஆண்டு முழுக்க வளரவிடுங்கள். சின்னக் குமிழில் ஓய்வைத் தாங்கும் சேமிப்பு இருக்காது.

9. செடியைப் பிரிப்பது

ஆறு குமிழாவது சேர்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று. இரண்டு குமிழாகப் பிரித்தால் இரண்டு பங்குமே அடுத்த சில ஆண்டு பூக்காது. தொட்டி மாற்றும் அதே இரண்டு வாரத்தில் செய்யுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையில் நெருப்பில் காட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ்கள் பரவுவது பெரும்பாலும் கத்தி வழியாகத்தான், அவற்றுக்கு மருந்து கிடையாது.

இலை இல்லாத பழைய பின்குமிழைத் தூக்கி எறியாதீர்கள். ஈரப் பாசியில் பாதி புதைத்து நிழலில் வைத்தால் சில மாதங்களில் கண் விடும். பூக்கும் அளவுக்குத் தேற இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பிரித்த அன்றே ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு செருகுங்கள்: இனத்தின் பெயர், எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, இறக்குமதி என்றால் அனுமதி எண், பிரித்த தேதி. பென்சிலால் எழுதுங்கள், வெயிலில் மையெழுத்து ஓராண்டில் அழிந்துவிடும். பின்னாளில் ஒரு பங்கை வேறு நாட்டு நண்பருக்கு அனுப்ப நேர்ந்தால், செயற்கையாகப் பெருக்கிய செடி என்பதற்கு அந்த எண்ணைத்தான் அதிகாரி முதலில் கேட்பார்.